முனியாண்டி ஏற்றுக்கொண்ட பெல்ட்

மனித குலத்தின் இடுப்பு வலி வரலாற்றை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம்: என் தாய்மாமன் புனிதனுக்கு முன், என் தாய்மாமன் புனிதனுக்குப் பின். முன்னது இருண்ட காலம். அப்போதெல்லாம் இடுப்பு வலித்தால் மக்கள் ‘வலிக்கிறது’ என்று சொன்னார்கள். தைலம் தேய்த்தார்கள். அதற்கும் கேட்காவிட்டால் கொஞ்சமும் வெட்கமில்லாமல் டாக்டரிடம் போனார்கள். இத்தகைய காட்டுமிராண்டிப் பழக்கங்களிலிருந்து மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தை, குறிப்பாக லாபு பக்கத்தில் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தை, மாமா விடுவித்தார்.

இதை நான் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். மாமா பக்கத்து அறையில் தூங்குகிறார். அவர் அடுத்துக் கொண்டுவரப் போகிற சாமான் கண் பார்வைக்கானது. எனக்கு வயது பதினாறு, கண்ணாடி போட்டிருக்கிறேன். என் பயம் உங்களுக்குப் புரியும்.

மாமா எதையும் ‘விற்பதில்லை’. ‘பகிர்ந்துகொள்வார்’. முதலில் நோனி சாற்றைப் பகிர்ந்துகொண்டார். பிறகு சூடேறும் கல் மெத்தையைப் பகிர்ந்துகொண்டார். அப்படிப் பகிரப்பட்டவர்கள் இப்போது அவரைக் கண்டால் வேறு சந்தில் மோட்டாரைத் திருப்புகிறார்கள். அது பொறாமை என்று மாமா விளக்கியிருக்கிறார். அவருடைய கம்பெனியில் அவர் ‘கோல்ட்’ லெவலில் இருந்தார். ‘டைமண்ட்’ ஆவதற்கு அவருக்கு ஒரு நல்ல இடுப்பு தேவைப்பட்டது. அது என் அம்மாவிடம் இருந்தது.

அம்மாவின் பெயர் பஞ்சாலை. குலை வெட்டும்போது மரத்தடியில் சிதறுகிற உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்குவது அவர் வேலை. பொறுக்கியதை கிரேத்தா சொரோங்கில், அதாவது ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் போட்டு, லோரி வரும் ரோட்டோரம் வரை தள்ளிக்கொண்டு போவார். காலையில் குனிந்தால் மத்தியானம் நிமிர்வார். சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும் நிமிர்வதில்லை. அப்படியே அரிசி களைந்துவிடுவார். அப்பாவுக்கு ஜொகூரில் வேலை. அதனால் எங்கள் வீட்டில் அப்பா என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிற ஒரு குரல்.

மாமா பெல்ட்டைக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்புத் துணி. உள்பக்கம் பொத்தான் பொத்தானாகக் காந்தங்கள். இழுத்து ஒட்டிக்கொள்ள அகலமான ஒரு பட்டை. பெயர் ‘மேக்னோ சக்தி’.

“என்னாடா தம்பி இது, லோரி டயர் மாதிரி இருக்கு?” என்றார் அம்மா.

“அக்கா, நல்லாக் கேட்டுக்க. ஒடம்புல ரத்தம் இருக்கு. ரத்தத்துல இரும்பு இருக்கு. காந்தம் இரும்ப இழுக்கும். இரும்பு ரத்தத்த இழுத்துக்கிட்டு வரும். ரத்தம் வலியத் தள்ளிக்கிட்டுப் போயிரும்.”

“எங்க தள்ளும்?”

“வெளிய.”

“வெளியன்னா எங்கலா?”

“அது கம்பெனி ரகசியம்க்கா.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மாமா, ரத்தத்துல இருக்கிற இரும்பு காந்தத்துல ஒட்டாதுன்னு எங்க சைன்ஸ் டீச்சர் சொன்னாங்க.”

“உங்க டீச்சர் என்னா லெவல்?”

“லெவலா?”

“சில்வரா, கோல்டா?”

அறிவியல் அன்று எங்கள் வீட்டு ஹாலில் தோற்றது.

காந்த சிகிச்சையை வீட்டிலேயே, டாக்டர் இல்லாமல், ஊசி இல்லாமல் செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் மகிமை. அம்மா செய்துகொண்டார். பெல்ட் உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. சேஃப்டி பின்னை இழுத்தது. தேங்காய்த் துருவியை இழுத்தது. தேத்தண்ணி நேரத்தில் அம்மா தள்ளுவண்டியில் கொஞ்சம் சாய்ந்தபோது வண்டியையே இழுத்துக்கொண்டது. கூட வேலை செய்கிற மாரியம்மா அக்கா காலை ஊன்றிப் பிடித்து இழுத்துத்தான் இருவரையும் பிரித்தாராம்.

“ஒன் தம்பி ஒன்னைய வண்டியோட கட்டிக் குடுத்துட்டான் பஞ்சாலை,” என்று மாரியம்மா அக்கா தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

வலியை மட்டும் அது இழுக்கவில்லை.

“தம்பி, வலி இருந்த எடத்துலதான்டா இருக்கு.”

“போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போகும்க்கா. அதான் வலிக்குது.”

அம்மா கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றி ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினார். அங்கே அது உறுதியாக நின்றது. சம்பவம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முனியாண்டி குறுக்கே வந்தார்.

எங்கள் தோட்டத்தில் எது புதிதாக வந்தாலும் முதலில் முனியாண்டி சாமியிடம் போக வேண்டும். புது மோட்டார், புது லோரி, முதல் நாள் பள்ளிக்கூடப் பை, எல்லாமே. எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாமி பார்த்த பிறகுதான் மனிதர்கள் தொடலாம். ஊருக்குப் பகிர மாமாவின் பெல்ட் பெட்டிகள் வந்து இறங்கியபோதும் அப்படித்தான். பூசாரி சன்னாசி ஐயா ஒரு பெல்ட்டைத் தட்டில் வைத்து, வெற்றிலை வைத்து, பழம் வைத்து, சாமிக்கு முன்னால் நட்டிருக்கும் ஆளுயர அரிவாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

டக்!

பெல்ட் தட்டிலிருந்து பாய்ந்து அரிவாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

யாரோ உறுமியைத் தட்டினார்கள். “சாமி எடுத்துக்கிச்சு!” என்று ஒரு குரல். பூசாரி பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. “விட மாட்டேங்குதுலா! சாமி விட மாட்டேங்குது!” என்று கத்தினார். மாமாவின் கண்ணில் கண்ணீர் வந்தது. நான் அவரைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். அது உண்மையான கண்ணீர்.

“அக்கா, அருவா இரும்பு. பெல்ட்டுல காந்தம்...” என்று மாரியம்மா அக்காவின் காதில் சொன்னேன். அவர் என் கையைக் கிள்ளினார். கிள்ளியது, கொஞ்ச நாள் முன்னால் தள்ளுவண்டியிலிருந்து அம்மாவைப் பிரித்து எடுத்த அதே கை.

சந்தேகம் எங்கேயும் இருக்கும் அல்லவா? ஒருவர் இன்னொரு பெல்ட்டை எடுத்துக் கோயில் மணியில் வைத்துப் பார்த்தார். மணி பித்தளை. பெல்ட் பொத்தென்று கீழே விழுந்தது.

“பாத்தீங்களா?” என்றார் பூசாரி. “கண்டதுலயும் ஒட்டல. சாமிகிட்ட மட்டும்தான் ஒட்டுது!”

அன்று சாயந்திரத்துக்குள் பெட்டிகள் காலி. அம்மா ஃபிரிட்ஜில் இருந்ததை எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டார். “சாமியே கட்டியிருக்கு. நான் கழட்டிப் போட்டா நல்லாவா இருக்கும்?”

கடவுள் ஏற்றுக்கொண்ட பிறகு ஆபீஸ் சும்மா இருக்க முடியுமா? எங்கள் கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கர் சசிதரன், தொலைநோக்கு உள்ளவர். முதுகு வலி என்று லீவு கேட்கிறவர்கள் தோட்டத்தில் அதிகம். முதுகு வலியே இல்லாவிட்டால்? ‘வலியில்லாத் தோட்டம்’ என்ற மகத்தான திட்டம் அப்படித்தான் பிறந்தது. அதன்படி, பெல்ட் அணிந்த தொழிலாளிக்கு முதுகு வலி இருக்க முடியாது. பெல்ட் அணிவது முழுக்க முழுக்க ‘சுயவிருப்பம்’. சுயவிருப்பம் இல்லாதவர்களின் பெயரை மேஸ்திரியான மண்டோர் எழுதிக்கொள்வார்.

அம்மா லீவு கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே நடந்த உரையாடலை நிர்வாகவியல் மாணவர்களின் நன்மைக்காக அப்படியே தருகிறேன்.

“பெல்ட் போட்டிருக்கீங்களா அக்கா?”

“போட்டிருக்கேன் கிராணி.”

“அப்ப வலிக்காது.”

“வலிக்குது கிராணி.”

“அப்ப பெல்ட் போடல.”

“இந்தா பாருங்க, போட்டிருக்கேன்.”

“அப்பதான் வலிக்காதுன்னு சொல்றேனேலா!”

அம்மா கிராணிக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். என்னிடம் கேட்டார்: “ஏய் வள்ளி, எனக்கு வலிக்குதா, வலிக்கலையா?”

அப்போது இருவரும் சிரித்தோம். கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றுதான்.

ஒரு சாயந்திரம் அம்மா வேலை முடிந்து வந்தார். வலது காலில் சிலிப்பர் இல்லை.

“ம்மா, ஒரு சிலிப்பர் எங்க?”

“கால்லதான் இருக்கு.”

“இல்லம்மா.”

குனிந்து பார்த்தார். சிலிப்பர் தூரத்தில் கால்வாய் ஓரம் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை சரளைக் கல் பாதை. வெறுங்காலோடு அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறார், காலுக்குத் தெரியவில்லை. “ஓடிப் போச்சு போல, களுத,” என்றார். நான் போய் எடுத்து வந்தேன். அடுத்த தடவை அது கழன்றபோது அம்மா பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நான் எடுத்து வந்து காலடியில் வைத்தேன். பிறகு ஒரு விடிகாலையில் அம்மா தன் கைலியைத் தனியாக அலசிக்கொண்டிருந்தார். “தண்ணி கொட்டிருச்சு,” என்றார், நான் கேட்காமலே. அம்மா படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வைப்பதில்லை.

மாமாவிடம் சொன்னேன்.

“மரத்துப் போச்சா? சூப்பர்!” என்று எழுந்தே நின்றுவிட்டார். “வலி இடுப்ப விட்டு எறங்குது வள்ளி. காலு வழியா வெளிய போவுது. இதான் கடைசி ஸ்டேஜ்!”

கம்பெனி ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. வலி வெளியேறுவது சிலிப்பர் வழியாக.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அப்பாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். “மாமா கூட இருக்காருல்ல, பாத்துக்குவாரு. நீ படிக்கிற வேலையப் பாரு,” என்றார். போன் வழியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஜபருல்லா காக்காவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். லாபு முச்சந்தியில் அவருடைய கடைதான் பெரியது. மாமா அவரிடமும் ஒரு பெல்ட்டைப் பகிர்ந்திருந்தார். அது அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. கத்தி, கத்தரிக்கோல், ரொட்டி திருப்புகிற கரண்டி எல்லாம் வரிசையாக அதில் ஒட்டிக்கொண்டு நின்றன.

“மெய்யாலுமே நல்ல சாமான்மா,” என்றார் காக்கா. “முந்தி ஒரு கத்தியத் தேடணும்னா ஒரு டேபிள் ஆளே எந்திரிச்சுப் போயிரும். இப்ப பாரு, எல்லாம் எங்கயும் போகாம நிக்குது.”

நான் சிலிப்பரைப் பற்றிச் சொன்னேன். கைலியைப் பற்றியும் சொன்னேன். காக்காவின் சிரிப்பு நின்றது.

“இது வெளையாட்டு இல்ல புள்ள. நாளைக்கே அம்மாவ ரெடியா இருக்கச் சொல்லு. நம்ம காடி இருக்கு, நானே ஓட்டிட்டு வாரேன். சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?”

வீட்டுக்கு ஓடினேன். அம்மா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில், விழா. தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். ‘வலியில்லாத் தோட்டம்’ என்று கேடயம் தருவார். குணமடைந்தவர் சார்பில் மேடையில் பேசுவது அம்மா.

“ம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா.”

“ஞாயித்துக்கெழம முடியட்டும். கிராணி பேரு குடுத்துட்டாரு. தம்பி டைமண்டு ஆவப் போறான். அது வரைக்கும் பொறுத்துக்க மாட்டனா? ரெண்டு நாளுல என்னா ஆயிரும்?”

என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது.

விழா மிகச் சிறப்பாக நடந்தது. பேனர் டேவானின் அகலத்துக்குத் தொங்கியது. பெரியவருக்குச் சோபா. அவர் பெல்ட் அணியவில்லை. அவர் குனிகிற வேலை எதுவும் செய்வதில்லை. பின்னால் ஜபருல்லா காக்கா பிரியாணி அண்டாவோடு நின்றார். சாப்பாடு அவருடைய கடையிலிருந்துதான். மாமா கோட் போட்டிருந்தார்.

“இப்ப நம்ம மத்தியில ஒரு அதிசயம் நடந்து வரப் போகுது!”

அதிசயம் மாரியம்மா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. மேடைப் படியில் ஏறியபோது வலது சிலிப்பர் முதல் படியிலேயே தங்கிவிட்டது. அம்மா தெரியாமல் மேலே போனார். பாதம் தரையில் உரசிக்கொண்டே பின்னால் போனது.

“பாருங்க! செருப்புகூட வேணாம்னு நடக்கிறாங்க!” என்றார் மாமா. கைதட்டல். “அக்கா, எல்லாருக்கும் சொல்லு. இப்ப வலிக்குதா?”

“இல்ல.”

பலத்த கைதட்டல்.

“ஒண்ணுமே தெரியல.”

அதைவிடப் பலத்த கைதட்டல்.

“இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியலடா தம்பி.”

பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். அப்போதுதான் அம்மாவின் சேலை நனைந்தது. இஸ்திரி போட்ட சேலை. மேடைப் பலகையில் தண்ணீர் மெதுவாகப் பரவியது. அம்மா கூட்டத்தைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கு அதுவும் தெரியவில்லை.

முன்வரிசையில் கைதட்டல் நின்றது. ஆனால் மேதைகளுக்கு இக்கட்டு என்று ஒன்று கிடையாது.

“கழிவு வெளியேறுது!” என்று மாமா மைக்கில் முழங்கினார். “கண்ணு முன்னால! லைவ்வா!”

மறுபடியும் கைதட்டினார்கள்.

நான் படியில் கிடந்த சிலிப்பரை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். மைக்கைப் பிடுங்கினேன். பேச நிறைய வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான். “எங்கம்மாவ யாராச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“வள்ளி,” என்றார் கிராணி பக்கவாட்டிலிருந்து, தாழ்ந்த குரலில், “கேள்வி நேரம் கடைசியிலலா.”

அம்மா என் தோளைப் பிடித்தார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “வள்ளி, என் காலு எங்க இருக்கு?”

பின்னால் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. காக்கா அண்டாவைத் தாண்டி ஓடி வந்தார். மாரியம்மா அக்காவும் அவரும் அம்மாவைத் தூக்கினார்கள். கேடயம் வழங்கும் நிகழ்ச்சி தடையின்றித் தொடர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவர்கள் அம்மாவை உட்காரக்கூட வைக்கவில்லை. நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். அம்மாவின் பாதத்தைக் குத்திப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். நான் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“ஏன் இவ்வளவு நாளா வரல?”

கோட்டோடு வந்து சேர்ந்திருந்த மாமா முந்திக்கொண்டார். “ட்ரீட்மெண்ட் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு டாக்டர்.”

முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கி நரம்புகளை மொத்தமாக நசுக்குகிறது, உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். “அந்த பெல்ட்ட மொதல்ல கழட்டுங்க. ஸ்கேன் ரூம்ல இருக்கிறது ரொம்பப் பெரிய காந்தம்.”

மாமாவின் முகத்தில் அப்போது தோன்றிய ஒளியை என்னால் வர்ணிக்க முடியாது.

“காந்தமா?”

“ஆமா, ஆனா...”

“பாத்தியா வள்ளி! கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயும் மேக்னட்தான்! என்னா சொன்னேன்?”

“சார், அது படம் எடுக்கிற காந்தம். கொணப்படுத்தாது.”

“ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க டாக்டர்,” என்றார் மாமா அன்போடு. அம்மா உள்ளே இருந்த நேரத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். அம்மா பிழைத்தார். நனைவதும் மெல்ல மெல்ல நின்றது. வலது பாதம் மட்டும் எழும்பவில்லை, இனி எழும்பாதாம். “சிலிப்பர் கழண்ட அன்னைக்கே வந்திருந்தா...” என்று டாக்டர் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை மாமாதான் முடித்தார்: “...பெரிய சைஸ் பெல்ட்டே குடுத்திருப்பேன்.”

எல்லாம் சுபம். மாமா டைமண்ட் ஆகிவிட்டார். கதவுக்கு முன்னால் எடுத்த படம்தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. கேடயம் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. அம்மாவின் நீண்ட லீவுக்குக் காரணம் ‘கால்’ என்று கிராணி கவனமாகப் பதிந்துவிட்டார். ஆகவே எங்கள் தோட்டத்தில் முதுகு வலி இன்றுவரை கிடையாது. அரிவாளில் ஒட்டிய பெல்ட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கிறார்கள்.

அம்மாவின் பெல்ட்? அதை வீணாக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக் காந்தங்களையெல்லாம் பிரித்துப் போட்டார். அவை காக்காவின் கடையில் கத்திகளைத் தாங்குகின்றன. அந்த அகலமான ஒட்டுப்பட்டையை மட்டும் வைத்துக்கொண்டார். தொங்குகிற பாதத்தோடு சிலிப்பரைச் சேர்த்துக் கணுக்காலில் இழுத்துக் கட்ட அதைவிடத் தோதான சாமான் இல்லை. கட்டிக்கொண்டால் கோயில் வரை போய் வருகிறார்.

நேற்று மாமா அதைப் பார்த்துவிட்டார். உடனே குனிந்து அம்மாவின் காலைப் படம் எடுத்தார். அதற்கு அவர் எழுதிய வாசகம்: ‘என் அக்கா இன்றும் மேக்னோ சக்தியால்தான் நடக்கிறார்.’

மாமா எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லாத முதல் விளம்பரம் இதுதான் என்று நான் சாட்சி சொல்கிறேன். அந்த பெல்ட் இல்லாவிட்டால் இன்று அம்மாவால் வாசலைத் தாண்ட முடியாது. அந்த பெல்ட் எங்கள் வாசலைத் தாண்டி வராமலே இருந்திருந்தால், அதைக் காலில் கட்ட வேண்டியே இருந்திருக்காது.